சென்சரை மாற்றுமுன் செய்தியைப் பின்தொடருங்கள்

இரவு இரண்டு மணிக்கு டிரையர் நின்றது. தட்டுகளை இழுக்கும் சங்கிலி ஓடவில்லை என்றது கன்ட்ரோலர். மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால் சங்கிலி ஓடுவது கண்ணுக்கே தெரிந்தது. இருபது செக்கன் கழித்து மீண்டும் அதே எச்சரிக்கை, மீண்டும் நிறுத்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். ஸ்டோரில் இருந்து புதிய சென்சர் எடுத்து மாட்டினேன். அதே கதை. புதியதும் பழுதாக இருக்கும் என்று இன்னொன்றை மாட்டினேன். முக்கால் மணி நேரம் போய்விட்டது. அந்தப் பக்கம் நொதிக்கப் போட்ட தூள் நிறம் மாறிக்கொண்டிருந்தது. டீமேக்கர் ஒன்றும் பேசாமல் என் பின்னால் நின்றார். ரோலர் பக்கமிருந்து வந்த மூத்த ஃபிட்டர், "தம்பி, மாத்துறதுக்கு முன்னாடி அதுகிட்ட ஒரு இரும்பைக் காட்டிப் பாத்தியா?" என்றார். நின்றிருந்த மெஷினில், சென்சரின் முகத்துக்கு நேரே தன் ஸ்பேனரை நீட்டினார். சென்சரின் முதுகில் இருந்த சிறு விளக்கு எரிந்தது. ஸ்பேனரை எடுத்தார், அணைந்தது. "இதுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. பாக்க வேண்டிய ஆளுதான் தள்ளி நிக்கிறான்."

சென்சரைப் பிடித்திருந்த தகடு அதிர்வில் தளர்ந்து, அச்சில் உள்ள போல்ட் தலைக்கும் சென்சருக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தது. தகட்டை நகர்த்தி ஒரு நட்டை இறுக்கினோம். டிரையர் ஓடியது. நான் கழற்றிய பழைய சென்சரில் எந்தக் குறையும் இல்லை.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, மஸ்கெலியா பக்கத்துப் பெக்டரிகளில் வயர்மனாகவோ பயிலுநராகவோ சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நம் பெக்டரிகளில் மோட்டார் கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வெல்டிங் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சென்சர் பொய் சொல்கிறதா, உண்மை சொல்கிறதா என்று நிதானமாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த இடம் உங்களுக்காகக் காலியாக இருக்கிறது.

செய்யவேண்டியது ஒன்றுதான். எதை உணர வேண்டுமோ அதைச் சென்சருக்கு நீங்களே கையால் காட்டுங்கள். பிறகு அந்தச் செய்தி எதுவரை போய் எங்கே நிற்கிறது என்று பின்னாலேயே நடந்து பாருங்கள். நிற்கும் இடத்தில்தான் பழுது.

இந்த வேலை தேயிலையோடு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் அழுத்தம் குறைந்துபோன எரிவாயுக் கிணறுகளில், குழாய்க்குள் தேங்கும் நீரை வெளியே தள்ள பிளஞ்சர் என்ற உருக்கு உருளையைப் போட்டு வைப்பார்கள். கிணற்றை மூடினால் அது அடிவரை விழும். அழுத்தம் ஏறியதும் திறந்தால், நீரைத் தலையில் சுமந்துகொண்டு மேலே வரும். நிமிடத்துக்கு சுமார் 750 அடி வேகம் நல்லது என்று கணக்கு. அது வாயிலுக்கு வந்து சேர்ந்ததை, குழாயின் வெளிப்புறம் கட்டியிருக்கும் ஒரு காந்தச் சென்சர் உணர்ந்து கன்ட்ரோலருக்குச் சொல்லும். எவ்வளவு நேரம் வாயு ஓட வேண்டும், எவ்வளவு நேரம் மூடியிருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு செய்தியை நம்பித்தான். வந்த பிளஞ்சரைச் சென்சர் தவறவிட்டால் கிணறு வீணாக மூடிக் கிடக்கும். வராததை வந்ததாகச் சொன்னால் நீர் தேங்கிக் கிணறு அடைபடும். அங்கே பழுது பார்க்கப் போகிறவரும் முதலில் ஓர் இரும்புச் சாமானைச் சென்சரின் பக்கம் ஆட்டிப் பார்க்கிறார், பிறகு வயரைப் பார்க்கிறார், கடைசியில்தான் கன்ட்ரோலரைத் திறக்கிறார். மன்னார் கடற்படுகையில் 2011இல் எரிவாயு கண்டார்கள். உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. ஆனால் வளைகுடாவுக்கு இன்ஸ்ட்ருமென்ட் வேலைக்குப் போகும் மலையகப் பிள்ளைக்கு, டிரையர் சங்கிலியில் பழகிய கை அங்கேயும் உதவும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள், சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும், உங்கள் பெயர் எழுதிய அட்டை அதில் தொங்கட்டும். கன்ட்ரோல் பக்கத்து 24 வோல்ட் மட்டும் உயிரோடு இருந்தால் போதும். சங்கிலி அசையக்கூடிய நிலையில் கையை உள்ளே விடாதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும்.

டிரையர், கன்வேயர் போன்றவற்றில் பெரும்பாலும் இருப்பது இரும்பை உணரும் ப்ரொக்ஸிமிட்டி சென்சர். ஸ்பேனரைக் காட்டுங்கள். விளக்கு எரிந்தால் சென்சருக்கு மின்சாரமும் இருக்கிறது, உணர்வும் இருக்கிறது. பிறகு இடைவெளியைப் பாருங்கள். 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாதாரண வகை ஒன்றின் எட்டும் தூரம் 5 மில்லிமீட்டர் என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். 5 மில்லிமீட்டரில் வைத்தால் இன்று வேலை செய்யும், அடுத்த வாரம் அதிர்வில் தவறும். பாதித் தூரத்தில் வையுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். எழுதியிருக்கும் தூரம் சாதாரண இரும்புக்கானது. போல்ட் துருப்பிடிக்கிறதே என்று யாராவது நல்லெண்ணத்தில் பித்தளை போல்ட் போட்டிருந்தால் எட்டும் தூரம் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். ஸ்டெயின்லஸ் ஸ்டீலிலும் குறையும். அதனால் "இந்த மெஷின்ல கடைசியா யார் என்ன செஞ்சாங்க?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பாதிப் பழுது அந்தப் பதிலிலேயே கிடைக்கும்.

விளக்கு எரியவில்லை என்றால் மீட்டரை எடுங்கள். மூன்று வயர் உள்ள வகையில் பிரவுனுக்கும் நீலத்துக்கும் இடையே 24 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் பழுது சென்சரில் இல்லை, அதற்கு வரும் சப்ளையில். வந்தும் விளக்கு எரியவில்லை என்றால்தான் சென்சரைச் சந்தேகிக்கலாம்.

விளக்கு எரிகிறது, ஆனால் கன்ட்ரோலருக்குத் தெரியவில்லை என்றால் கறுப்பு வயரைப் பின்தொடருங்கள். பிஎன்பி வகையில், இரும்பைக் காட்டும்போது கறுப்புக்கும் நீலத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 24 வோல்ட் எழும். என்பிஎன் வகையில் பிரவுனுக்கும் கறுப்புக்கும் இடையே பார்க்க வேண்டும். இந்த இரண்டு வகையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்டோரில் இருந்து வகை மாற்றி எடுத்து மாட்டினால் விளக்கு அழகாக எரியும், கன்ட்ரோலர் ஒன்றும் கேட்காது. "புதுசு போட்டும் சரிவரல" என்று சொல்லப்படும் இடங்களில் இதை முதலில் பாருங்கள். உடம்பில் உள்ள வகை எண்ணை வாசிக்காமல் சென்சரை மாற்றாதீர்கள்.

சென்சர் பக்கம் வோல்ட் சரி, கன்ட்ரோலர் டெர்மினலில் வரவில்லை என்றால் வயர்தான். நம் மலையில் வயருக்கு முதல் எதிரி ஈரம். தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் ஹட்டன் பக்கம் நாள்கணக்கில் மழையும் புகாரும். டிரையர் அறை பகலெல்லாம் சூடு, நின்றதும் குளிர். சூட்டில் விரிந்து வெளியேறிய காற்று, குளிரும்போது ஈரத்தோடு ஜங்ஷன் பெட்டிக்குள் திரும்ப வருகிறது. பெட்டியைத் திறந்தால் டெர்மினலில் பச்சை பூத்திருக்கும். கேபிள் பெட்டிக்குள் மேலிருந்து நுழையக்கூடாது. கீழிருந்து நுழைய வேண்டும், நுழையுமுன் ஒரு வளைவு தொங்க வேண்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஐந்து நிமிட வேலை இது. ஆனால் ஒரு மழைக்காலத்தையே காப்பாற்றும்.

வந்து வந்து போகும் பழுதுதான் ஆளை வதைக்கும். கரண்ட் செலவு கூடியதால் வாட்டும் ட்ரஃப் விசிறிகளுக்கு வேகத்தை மாற்றும் இன்வர்ட்டர் போட்ட பெக்டரிகள் பல. இன்வர்ட்டரில் இருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளும் சென்சர் வயரும் ஒரே தட்டில் ஒட்டிப் போனால், மோட்டார் ஓடும்போது மட்டும் சென்சர் இல்லாததைச் சொல்லும். மோட்டாரை நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரி. இரண்டையும் பிரித்து இழுங்கள். குறுக்கே போகத்தான் வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். உறை போட்ட வயரென்றால் உறையைக் கன்ட்ரோல் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த்தில் கட்டுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கன்ட்ரோலர் கேட்கவில்லை என்றால், வயரைப் பக்கத்துக் காலி இன்புட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் மெஷின் ஓடலாம், ஏன் ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது.

வெப்பநிலைச் சென்சர் வேறு மாதிரி. டிரையருக்குள் போகும் காற்று 90 பாகை செல்சியசைத் தாண்டிய சூட்டில் இருக்க வேண்டும். குறைந்தால் தேயிலை வேகும், கூடினால் கருகும். எண் தவறாகக் காட்டுகிறது என்று சொன்னால் சென்சர் உண்மையில் தன் குழிக்குள் முழுதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதி வெளியே வந்திருந்தால் அது அறையின் குளிரையும் சேர்த்துச் சொல்லும். கன்ட்ரோலர் அதை நம்பி அடுப்பைக் கூட்டும். அடுத்து, பஞ்சுபோன்ற தேயிலைத் தூசி அதன் மேல் போர்வை மாதிரிப் படிந்திருக்கிறதா? போர்வை இருந்தால் செய்தி சரியாகவே போகும், ஆனால் தாமதமாகப் போகும். எண் எப்போதும் மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும் டிரையரில் இதைத் தேடுங்கள்.

பிடி 100 என்ற வகையென்றால் மீட்டரே போதும். உருகும் பனிக்கட்டியில் 100 ஓம். பாகைக்குச் சுமார் 0.385 ஓம் ஏறும். கொதிநீரில் 138.5 ஓம் வர வேண்டும் என்று புத்தகத்தில் வாசித்திருப்பீர்கள். அது கடல் மட்டத்துக்கு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், மீட்டர் 136.2 ஓம் அளவில் காட்டும். ஹட்டனில் கொதிநிலை சுமார் 96. இதை அறியாமல் "ஆறு பாகை குறையுது" என்று நல்ல சென்சரை வீசிவிடக்கூடாது, அதைவிட மோசமாக, கன்ட்ரோலரில் ஆறு பாகையைக் கூட்டி வைத்துவிடக்கூடாது. கொழும்பில் இருந்து வரும் டெக்னீஷியன் இதை மறக்கலாம். மலையில் பிறந்த நீங்கள் மறக்கலாகாது.

தெர்மோகப்பிள் வகையில் ஒரே எச்சரிக்கை: அதற்கென உள்ள நீட்டிப்பு வயரை மட்டும் போடுங்கள், சாதாரணச் செம்பு வயரை இடையில் ஒட்டாதீர்கள். அமெரிக்க நிற முறையில் சிவப்புதான் மைனஸ். சிவப்பைப் பிளஸ் என்று பழக்கத்தில் மாற்றிக் கட்டினால் சூடு ஏறும்போது எண் இறங்கும்.

கரண்டே இல்லாத ஒரு சென்சர் நம் பெக்டரியின் மேல்மாடியில் தொங்குகிறது, அதை யாரும் சென்சர் என்று நினைப்பதில்லை. வாட்டும் ட்ரஃபின் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைத்தான் சொல்கிறேன். ஈரக்குமிழைச் சுற்றியுள்ள துணித்திரி எப்போதும் சுத்தமாக, நனைந்து இருக்க வேண்டும். திரி காய்ந்தால் இரண்டு வெப்பமானியும் ஒரே எண்ணை நெருங்கும். பார்ப்பவர் "காற்று ரொம்ப ஈரமா இருக்கு" என்று சூடான காற்றைத் திறந்துவிடுவார், கொழுந்து அளவுக்கு மீறி வாடிவிடும். ஒரு சிரட்டை சுத்தமான தண்ணீர் இல்லாததால் ஒரு ட்ரஃப் கொழுந்து கெடும். தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. வாட்டலும் உலர்த்தலும் குறித்து அங்கிருந்து வரும் கைந்நூல்களைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். அளவு ஏன் அந்த எண்ணில் இருக்க வேண்டும் என்று தெரியாதவர் அளவியைப் பழுது பார்க்க முடியாது.

அடுத்தது மனிதர்கள். "கொழுந்து கிடக்கு, சென்சரைப் பைபாஸ் பண்ணி ஓட்டு" என்று ஒரு நாள் உங்களிடம் சொல்லப்படும். சொல்பவர் கெட்டவர் அல்ல, அவர் தலைக்கு மேல் கணக்கு இருக்கிறது. ஆனால் சங்கிலி நின்றதைச் சொல்லும் சென்சரைப் பைபாஸ் பண்ணிவிட்டால், உண்மையிலேயே சங்கிலி நிற்கும் இரவில் சூடு ஒரே இடத்துத் தேயிலை மேல் அடித்துக்கொண்டே இருக்கும். தீப்பிடிக்கும். டிரையர் வாயில் கைவிட்டு நிற்பது நம் ஊர் ஆள்.

அப்போது எதிர்த்துக் கத்தவும் வேண்டாம், பேசாமல் வயரை முறுக்கிவிடவும் வேண்டாம். டீமேக்கருக்கு விளங்கும் கணக்கில் பேசுங்கள். "சேர், செய்தி சென்சர் வரைக்கும் வருது, பெட்டியில நிக்குது. வயர் இழுக்க இருபது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் ரோலரை நிறுத்தி வைக்கலாம். பைபாஸ் பண்ணினா சங்கிலி நின்னாலும் நமக்குத் தெரியாது." எங்கே பழுது, எவ்வளவு நேரம், அதுவரை என்ன செய்யலாம், என்ன ஆபத்து: இந்த நான்கையும் தெளிவாகச் சொல்கிற பையனையோ பிள்ளையையோ மறுப்பது கடினம். அப்படியும் வற்புறுத்தினால் லொக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

உங்களுக்கென்று ஒரு கொப்பியும் வையுங்கள். திகதி, மெஷின், என்ன காட்டியது, நீங்கள் அளந்த எண், கண்ட காரணம், எடுத்த நேரம். நான் எழுதத் தொடங்கியது அந்த டிரையர் இரவுக்கு மறுநாள். இரண்டு வருடத்தில் எந்த மெஷின் எந்த மாதத்தில் எதற்கு நிற்கும் என்று அந்தக் கொப்பியே சொல்லத் தொடங்கியது. வேலை மாறப் போன இடத்தில் சான்றிதழை ஒரு நிமிடம் பார்த்தவர்கள் கொப்பியை இருபது நிமிடம் புரட்டினார்கள்.

சான்றிதழும் வேண்டும்தான். சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுவிட்டாலும் என்விக்யூ என்ற தேசிய தொழிற்தகைமை வழி திறந்தே இருக்கிறது. 1 முதல் 4 வரை சான்றிதழ் மட்டங்கள், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா, தொழில்நுட்பக் கல்லூரிகள், ஹட்டனில் உள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் ஆகிய இடங்களில் எந்தப் பாடநெறி, எந்த மட்டம், தமிழ் மொழியில் உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். பல வருடம் பெக்டரியில் வேலை செய்தும் கையில் தாள் இல்லாத அண்ணன்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: முன்பே கற்றதை மதிப்பிட்டு என்விக்யூ கொடுக்கும் முறை இருக்கிறது. வகுப்பில் முதலில் இருந்து உட்கார வேண்டியதில்லை, செய்து காட்ட வேண்டும். அங்கே உங்கள் கொப்பி பேசும். வெளிநாடு போக நினைப்பவர்கள் முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

சென்சர் வேலையில் எனக்கு மிக முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அது பெக்டரிக்குள் இல்லை, கொழுந்து மடுவத்தில் இருக்கிறது. மின்தராசு. அதன் தட்டுக்கு அடியில் லோட் செல் என்ற உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறும்போது அது மயிரிழை அளவு வளையும், அந்த வளைவைத்தான் எண்ணாக்கிக் காட்டுகிறது. முழுப் பாரத்துக்கும் அது அனுப்புவது சில மில்லிவோல்ட் மட்டும். மழையில் பெட்டிக்குள் ஈரம் போனால், தட்டுக்கு அடியில் கல்லோ கொழுந்துக் காம்போ சிக்கினால், எண் நகர்ந்துவிடும். டிரையரில் வரும் பழுது தோட்டத்துக்கு நட்டம். இங்கே வரும் பழுது காலையில் இருந்து மலை ஏறி இறங்கிய ஒரு அம்மாவின் பெயரில் எழுதப்படும் கிலோ. என் அம்மாவும் அந்த வரிசையில் நின்றவர்.

அதனால் தராசைப் பார்க்கச் சொன்னால் இப்படிச் செய்யுங்கள். தட்டைத் தூக்கி அடியைச் சுத்தம் செய்யுங்கள், நான்கு பக்கமும் எதுவும் உரசாமல் பாருங்கள், தரை மட்டத்தைச் சரிபாருங்கள். வெறும் தட்டில் பூச்சியம் நிற்கிறதா என்று பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை இருந்தால் அதை உடைக்க உங்களுக்கு உரிமை இல்லை. உள்ளே பழுது என்று தெரிந்தால் தராசை ஒதுக்கி வைத்து எழுதிக் கொடுங்கள். சரிபார்த்த பிறகு, கொழுந்து நிறுக்க வந்து நிற்கும் அக்காமார் முன்னால், எடை தெரிந்த ஒரே கல்லைத் தட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் மாறி மாறி வையுங்கள். எண்ணை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து இடத்திலும் ஒரே எண் வந்த பிறகு முதல் சாக்கை ஏற்றுங்கள்.